மெசின் ஷொப்பிலிருந்து வார்ட்டுக்கு

நேர்சிங் என்பது முதலில் இன்னொருவரின் உடம்பைக் கழுவுகிற வேலை. ஊசி, மருந்து, ஸ்டெதஸ்கோப் எல்லாம் அதற்குப் பிறகுதான். நாற்பது தாண்டிய ஆண்கள் இந்தத் தொழிலுக்கு மாறலாமா என்று யோசிக்கும்போது எவ்வளவு காலம் படிக்கவேண்டும், எவ்வளவு செலவு, மணிக்கு எவ்வளவு தருவார்கள் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதற்கெல்லாம் தேடினால் பதில் கிடைக்கும். முன்பின் தெரியாத ஒரு கிழவருக்குப் பம்பஸ் மாற்றி, அவர் கூசாதபடி அதைச் செய்து முடித்து, கையைக் கழுவிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் இன்னொருவருக்குச் சாப்பாடு தீத்த என்னால் முடியுமா என்பதை ஒருவரும் கேட்பதில்லை. அதற்குப் பதில் தெரியாமல் பீஸ் கட்டவேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவதில் பாதி. மற்றப் பாதி, ஆணாக இருந்துகொண்டு அந்த உடம்பைத் தொடுவதற்கு எப்படி அனுமதி வாங்குவது என்பது.

நான் கனடாவில், ரொறன்ரோவுக்கு அருகே மார்க்கம் என்ற நகரப் பக்கத்தில், கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கம்பியூட்டர் சொல்லுகிறபடி இரும்பு வெட்டுகிற சி.என்.சி. மெசினில் நின்றவன். 2016இல் ஓடர்கள் மெக்சிகோவுக்குப் போக, எங்கள் லைனை மூடினார்கள். எனக்கு அப்போது 41 வயது. வீட்டுக்கடன் பாதிகூட இறங்கவில்லை. வேறு தொழிற்சாலைகளில் வேலை இருந்தது, ஆனால் எல்லாம் ஏஜென்சி வேலை. இன்றைக்குக் கூப்பிடுவான், நாளைக்குக் கூப்பிடமாட்டான்.

நேர்சிங் என்ற எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முந்திய இரண்டு வருடம் அப்பா ஸ்ட்ரோக் வந்து எங்கள் வீட்டில் படுக்கையில் கிடந்தார். அம்மாவுக்கு அவரைப் புரட்ட உடம்பில் வலு இல்லை. காலையில் வேலைக்குப் போகமுதல் அவரைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றினது நான். வீட்டுக்கு வந்துபோன ஹோம்கெயர் நேர்ஸ் ஒருநாள் அவரின் முதுகைப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலம் படுக்கையில் கிடந்தும் புண் இல்லையே, யார் பார்க்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. அப்பா 2015இல் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே ஒரு ஆண் உடம்பை, அதுவும் சொந்தத் தகப்பனின் உடம்பை, கழுவ முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்நியரை முடியுமா என்பது தெரியாது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அதைச் சோதித்துப் பார்க்க மலிவான வழி பி.எஸ்.டபிள்யூ. படிப்பு, அதாவது நோயாளிகளைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துகிற உதவியாளருக்கான படிப்பு. கொலிஜ்களிலும் இருக்கிறது, கல்விச்சபைகளின் பெரியவர் பாடசாலைகளிலும் இருக்கிறது, ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். முடித்தால் அடுத்த கிழமையே வேலை எடுக்கலாம். நேர்சிங் படிக்கிற காலத்தில் சனி ஞாயிறு உழைக்க அதுவே கைகொடுக்கும். நான் அப்படித்தான் வீட்டுக்கடனைச் சமாளித்தேன்.

பி.எஸ்.டபிள்யூ. வகுப்பில் என்னோடு சேர்ந்த ஆண்களில் ஒருவர் இரண்டாம் கிழமை பிளேஸ்மென்ட் என்கிற நேரடிப் பயிற்சியோடு நின்றுவிட்டார். மூக்குக்கு அந்த மணம் ஒத்துவரவில்லை. மாஸ்க்குக்குள் துளி மின்ட் டூத்பேஸ்ட் பூசுகிற பழைய வித்தையைச் சொல்லிக் கொடுத்தோம், அதுவும் சரிவரவில்லை. நல்ல மனிதர். இப்போது ட்ரக் ஓடுகிறார், என்னைவிடக் கூட உழைக்கிறார். அவருக்கு நட்டம் ஒரு சிறிய பீஸ் மட்டும்தான்.

கழுவுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். முதலில் முகம். கண்ணுக்குச் சோப் போடக்கூடாது. மூக்குப் பக்க மூலையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, மற்றக் கண்ணுக்குத் துணியின் வேறு பக்கம். பிறகு கை, நெஞ்சு, கால், முதுகு. கீழ்ப்பகுதி கடைசியில், புதுத் தண்ணீர், புதுத் துணி, முன்னாலிருந்து பின்னால். எந்த நேரத்திலும் கழுவுகிற இடம் மட்டும்தான் திறந்திருக்கும், மற்றதெல்லாம் துவாயால் மூடியிருக்கவேண்டும். இதைக் கேட்கும்போது யாருக்கும் தெரிந்த விசயம் போலத்தான் இருக்கும். காலையில் ஒருவருக்கு எட்டுப் பத்துப் பேர் என்று பிரித்துக் கொடுத்து, காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் மேசைக்குக் கொண்டுவா என்று சொல்கிற இடத்தில் துவாய்தான் முதலில் கைவிடப்படும். அதைக் கைவிடாத ஆளா நீங்கள் என்பது உங்களுக்கே அங்கேதான் தெரியவரும்.

அடுத்தது படிப்புக் கணக்கு. இங்கே இரண்டு விதமான நேர்ஸ். ஆர்.பி.என். என்பவர் இரண்டு வருட டிப்ளோமா படித்தவர்; வேறு மாகாணங்களில் இவரை எல்.பி.என். என்பார்கள். ஆர்.என். ஆக நான்கு வருடப் பட்டம் வேண்டும். 2005இலிருந்து ஒன்ராறியோவில் புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் விதி. ஏற்கனவே பல்கலைக்கழகப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வருடத்தில் முடிக்கிற வழி ரொறன்ரோ, யோர்க் பல்கலைக்கழகங்களில் உண்டு. ஊரில் பி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே பெற்றோல் ஸ்டேசனில் நிற்கிற அண்ணைமார் இதைக் கட்டாயம் விசாரிக்கவேண்டும். என்னிடம் பட்டம் இல்லை. நான் டிப்ளோமாப் பக்கம் போனேன்.

அதற்கும் ஹைஸ்கூல் உயிரியல், இரசாயனம், கணக்கு, 12ஆம் வகுப்பு இங்கிலிஸ் கேட்பார்கள். ஊரிலிருந்து ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ் எடுப்பித்து, மதிப்பீட்டுக்குக் கொடுத்து, காத்துக்கொண்டிருப்பதைவிட இங்கே பெரியவர் பாடசாலையில் திரும்பப் படிப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். அது கிட்டத்தட்ட இலவசம், அதோடு மறந்துபோனதும் திரும்பி வரும். நான் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரன். 19ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊரில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி, உள்ளூர்ப் பெடியளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தவர். அவர் பெயரில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு முன்னால் சைக்கிள் ஓடித் திரிந்த நான், ஸ்காபரோவில் இரவு வகுப்புக்குப் போய்ச் சிறுநீரகத்தின் பகுதிகளை இங்கிலிசில் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் பக்கத்து அறையில் என் மகளும் 11ஆம் வகுப்பு இரசாயனம். அவளுக்கு என்னைவிட மார்க் கூட, அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

காசு விசயத்தில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்லுவேன். வேலை போனவர்களுக்கு மாகாண அரசின் உதவித்திட்டம் இருக்கிறது. 2008இல் ‘செகண்ட் கரியர்’ என்ற பெயரில் தொடங்கினது, இப்போது ‘பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ’. முதலில் வேலைவாய்ப்புச் சேவை அலுவலகத்துக்குப் போங்கள், பிறகுதான் கொலிஜுக்கு. பீஸ் கட்டி வகுப்பில் இருந்துகொண்டு உதவி கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அதேபோல், நேர்சிங் படிப்பு என்று விளம்பரம் போடும் எந்த இடத்திலும் பதிகிறதுக்கு முன், சி.என்.ஓ. என்கிற ஒன்ராறியோ நேர்ஸ்கள் கல்லூரியின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் கல்லூரி இருந்தாலும் அது படிப்பிக்கிற இடம் இல்லை, நேர்ஸ்களைப் பதிந்து கண்காணிக்கிற சபை. பட்டியலில் இல்லாத படிப்பை முடித்தால் பதிவுப் பரீட்சைக்கே உட்கார முடியாது.

பீஸுக்கு வெளியே சில்லறைச் செலவுகள் வரும். பொலிஸ் சான்றிதழ், சி.பி.ஆர். முதலுதவிப் பயிற்சி, ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசி, சின்னம்மை, சின்னமுத்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை, கசநோய்க்குக் கையில் இரண்டு தரம் ஊசி போட்டுப் பார்க்கிற சோதனை. எங்களைப் போல ஊரில் பி.சி.ஜி. என்கிற கசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்கு அந்த ஊசி சிலவேளை தடித்துவிடும். பிறகு எக்ஸ்ரே என்று இழுபடும். ஆகவே அதை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது. ஆண்களுக்கென்று ஒன்றும் இருக்கிறது: என்-95 மாஸ்க் முகத்தோடு ஒட்டுகிறதா என்று சோதிக்கும்போது தாடி இருக்கக்கூடாது. மாஸ்க் விளிம்புக்குள் அடங்கினால் மீசை பரவாயில்லை. என் மீசை தப்பிவிட்டது.

கனடாவில் நேர்ஸ்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர்தான் ஆண். கியூபெக்கில் 1960களின் கடைசி வரைக்கும் ஒரு ஆணால் நேர்ஸாகப் பதியவே முடியாது. எங்கள் வகுப்பிலும் ஆண்களை விரல்விட்டு எண்ணலாம், அவர்களிலும் நான்தான் மூத்தவன். உடன்படித்த பெண்கள் சிலர் என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. அவர்கள் என்னை ‘அங்கிள்’ என்று தொடங்கி, மருந்துக்கணக்கு வகுப்புக்குப் பிறகு மரியாதையாகக் கதைக்கத் தொடங்கினார்கள். ஆயிரம் மில்லிலீற்றர் எட்டு மணித்தியாலத்தில் ஓடவேண்டுமானால் மணிக்கு எவ்வளவு என்றால், மில்லிமீற்றரில் நூறில் ஒன்று பிசகினாலும் குப்பைக்குப் போகிற வேலையில் இருந்தவனுக்கு அது ஒரு கணக்கே இல்லை. 125. மருந்துப் பெயரை மூன்றுதரம் சரிபார்ப்பது, செய்தவுடன் எழுதுவது, எழுதாததைச் செய்யாததாகவே எடுப்பார்கள் என்பது எல்லாம் தொழிற்சாலையில் இரத்தத்தில் ஊறினவை. தொழில் மாறுகிறவர்கள் வெறுங்கையோடு போவதாக நினைக்கிறார்கள். நான் அப்படி உணரவில்லை.

ஆண் என்பது உறைத்த இடம் வேறு.

யாரையும் தொடுவதற்கு முன் பெயரைச் சொல், நீ யார் என்று சொல், என்ன செய்யப் போகிறாய் என்று சொல், அவர் பதில் சொல்லும்வரை நில் என்று முதல் செமஸ்டரிலேயே படிப்பிப்பார்கள். உடன்படித்த பெண்கள் இதை மளமளவென்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். பெரும்பாலும் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையும் இருக்காது. எனக்கு ஒவ்வொரு அறையிலும் அந்தப் பதில் வரும்வரை கதவு திறக்காது. ‘நான்தான் இன்றைக்கு உங்கள் நேர்ஸ். உடம்பு துடைக்கவேண்டும். நான் செய்வது சரியா, பெண் ஒருவரைக் கூப்பிடவா?’ கேள்வியின் இரண்டாவது பாதியையும் உண்மையாகவே கேட்கவேண்டும். ‘வேண்டாம்’ என்று சொன்னால் முகம் கோணாமல் போய் ஆளைக் கூட்டிவரவேண்டும். அது அவரின் உரிமை, சட்டமும் அதுதான்.

சிலர் யோசிக்கவே மாட்டார்கள். 93 வயது வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர், ‘என்னிடம் இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, தண்ணி மட்டும் சூடாக இருக்கட்டும்’ என்றார். சிலர் பெண் நேர்ஸ் வந்தால்தான் கூசுவார்கள். எங்கள் அப்பாமார் அந்த ரகம். நான் அறைக்குள் போய் ‘ஐயா’ என்றதும் அவர்கள் முகத்தில் வருகிற ஆறுதலைப் பார்க்கவேண்டும். கிழமைக்கணக்காகக் குளிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தவர், ‘தம்பி, கதவைச் சாத்திப்போட்டு வா’ என்பார்.

நேர்சிங் ஹோம் என்கிற முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தமிழ் அம்மா ஒருவர். ஆளை அடையாளம் காணாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன். மறதிநோய் முற்றி, பின்னாளில் பழகின இங்கிலிஸ் முழுக்க உதிர்ந்துவிட்டது. குளிப்பாட்டப் போகிற எல்லோருக்கும் அடி, கடி. சார்ட்டில் ‘ஆக்ரோசமான நடத்தை’ என்று எழுதியிருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, ‘அம்மா, முகம் கழுவுவமே?’ என்றேன். கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

‘நீ ஆற்றை பெடியன்?’

அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

‘எந்தப் பக்கம்?’

மானிப்பாய் என்றதும், மருதடிப் பிள்ளையார் கோயில் தேருக்கு வந்தது பற்றி ஏதோ தொடங்கினார். முகம் கழுவவிட்டார். கை, கால் கழுவவிட்டார். அதற்கு மேலே துவாயைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘நீ ஆம்பிளைப் பிள்ளை, போ’ என்றார். சரியாகத்தானே சொல்கிறார்! நினைவெல்லாம் போன பிறகும் அது போகவில்லை. பிலிப்பினோக்காரப் பெண் பி.எஸ்.டபிள்யூ. ஒருவர் வந்து மிச்சத்தைக் கழுவினார், நான் திரைக்கு இந்தப்பக்கம் நின்று தேரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். அடி இல்லை, கடி இல்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாவின் பராமரிப்புத் திட்டத்தில் இரண்டு பேர், ஒருவர் பெண், முதலில் முகம், கூடுமானவரை தமிழ் என்று எழுதிவைத்தோம். நான் இல்லாத நாட்களுக்கு நாலைந்து தமிழ்ச் சொற்களை இங்கிலிஸ் எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். ஜமேக்காக்காரி ஒருத்தி ‘அம்மா, முகம்’ என்று சொல்லுகிற அழகே தனி.

நடைமுறையில் இதற்கு ஒரு பண்டமாற்று இருக்கிறது. ஷிஃப்ட் தொடங்கும்போதே பெண் நேர்ஸ் ஒருவரோடு கதைத்துக்கொள்ளுங்கள்: உன்னுடைய பாரமான இரண்டு ஆட்களுக்கு நான் வருகிறேன், என்னுடைய இன்ன அறை அம்மாவின் கதீற்றரை (சிறுநீர்க் குழாயை) நீ பார். நடு வேலையில் ஓடிப்போய்க் கெஞ்சுவதைவிட இது நல்லது. அந்தரங்கமான வேலையின்போது அறையில் யார் இருந்தார், நோயாளி சம்மதித்தாரா என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பயந்து எழுதச் சொல்லவில்லை. அடுத்த ஷிஃப்ட்டில் வருபவருக்கு அது பிரயோசனப்படும்.

ஆனால் இந்தப் பண்டமாற்றில் ஒரு பொறி இருக்கிறது. ஆண் என்றால் தூக்குகிற ஆள் என்று வார்ட் முழுக்க முடிவு பண்ணிவிடும். அந்த மாடியில் யாரைப் புரட்டவேண்டுமென்றாலும் உங்கள் பெயர்தான் கூப்பிடுபடும். கையால் தூக்கவே தூக்காதீர்கள். கூரையிலிருந்து தொங்கும் லிஃப்ட் அதற்குத்தான் இருக்கிறது. பெல்ட் போட்டுக் கொழுவ ஐந்து நிமிடம் செலவாகும், செலவாகட்டும். 45 வயதில் நாரி, அதாவது இடுப்பு, பிடித்தால் வேலை முடிந்தது. தொழிற்சாலையில் பாரம் தூக்கிப் பழகினவர்கள்தான் முதலில் விழுவார்கள், ஏனென்றால் இரும்புக்கட்டி நடுவில் திடீரென்று கையை உதறாது.

கோட் வைற் அதைவிட மோசம். நோயாளி ஒருவர் ஆவேசப்பட்டு அடிக்க வந்தால் ஸ்பீக்கரில் அந்த அறிவிப்பு வரும். வார்ட்டில் ஒரேயொரு ஆண் நேர்ஸ் என்றால் எல்லோரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அதற்கான பயிற்சிக்குத் தெண்டித்துப் போனேன். அங்கே படிப்பித்தது பெரும்பாலும் எங்கே நிற்பது என்பதுதான்: வாசலை மறித்து நிற்காதே, கை எட்டாத தூரத்தில் நில், குரலைத் தாழ்த்து, ஒருவர் மட்டும் கதை. பெருத்த ஆம்பிளை ஒருவன் முன்னால் வந்து நின்றாலே சில நோயாளிகளுக்குக் கோபம் கூடும். அந்த நேரத்தில் பின்னால் போய் நின்று, கட்டையான பெண் ஒருவரைக் கதைக்கவிடுவதுதான் கெட்டித்தனம்.

பதிவுப் பரீட்சை பற்றி. நான் எழுதினது பழைய சி.பி.என்.ஆர்.ஈ. 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ரெக்ஸ்-பி.என். வந்துவிட்டது. கம்பியூட்டர் உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தெரிவுசெய்யும். சரியாகச் சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகும், தேறுவாரா மாட்டாரா என்று அதற்கு உறுதியானதும் நின்றுவிடும். ஆகவே ஒருவருக்குச் சீக்கிரம் நிற்கும், இன்னொருவருக்கு இழுபடும். அதை வைத்துப் பாஸா பெயிலா என்று மண்டையை உடைக்கவேண்டாம். சட்டம் பற்றிய தனிப் பரீட்சை ஒன்றும் உண்டு.

எங்களுக்குக் கஷ்டம் பாடமாக்குவதில் இல்லை. ஊரில் பாடமாக்கித்தானே வளர்ந்தோம். இங்கே கேள்வி இப்படி வரும்: சத்திரசிகிச்சை முடிந்து வலிமருந்து கேட்கிறவர், வியர்த்து நடுங்கிற சீனி வருத்தக்காரர், உங்களோடு கதைக்கக் காத்திருக்கும் மகள், வீட்டுக்குப் போக உடுத்து நிற்கிறவர், யாரிடம் முதலில் போவீர்கள்? நான்கும் செய்யவேண்டியதுதான், முதல் எது என்பதுதான் கேள்வி. இங்கத்தைய மில்லிமோல் அளவில் இரத்தச் சீனி 4க்குக் கீழே போனால் மூளைக்கு எரிபொருள் இல்லை, ஆகவே அவரிடம். 15 கிராம் இனிப்பு, 15 நிமிடத்தில் திரும்பச் சோதனை. இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் மற்ற மூன்றும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். மனுசி சமைக்கும்போது அவவுக்குச் சொல்லிக் காட்டுவேன். அவ இப்போது அரை நேர்ஸ்.

2020 மார்ச்சில் கோவிட் வந்து பிளேஸ்மென்ட்டுகள் நின்றன. நான் பகுதிநேரமாக நேர்சிங் ஹோம் ஒன்றில் பி.எஸ்.டபிள்யூ.வாக வேலை செய்துகொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசியில் ஒருவர் ஒரு இல்லத்தில் மட்டும்தான் வேலை செய்யலாம் என்று மாகாண உத்தரவு வந்தது. சில இல்லங்களுக்கு இராணுவத்தையே அனுப்பினார்கள், மே மாதம் அவர்களின் அறிக்கை வெளிவந்து நாடே அதிர்ந்தது. அந்த மாதங்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. படிப்பு பிந்தி முடிந்தது, 2021இல் ஆர்.பி.என். ஆகப் பதிந்தேன்.

சம்பளத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. நான் பதிந்த காலத்தில் ஆர்.பி.என்.னுக்கு மணிக்கு முப்பது டொலரைச் சுற்றித்தான் இருந்தது, இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக்குறையும். கோவிட் காலத்தில் நேர்சிங் ஹோம் பி.எஸ்.டபிள்யூ.க்களுக்கு மணிக்கு மூன்று டொலர் கூட்டி, பிறகு அதை நிரந்தரமாக்கினார்கள். நியாயம்தான், அவர்களின் வேலை எனக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது, பொறுப்பு சுருங்கவில்லை. அதே காலத்தில் பில் 124 என்கிற 2019ஆம் ஆண்டு மாகாணச் சட்டம் பொதுத்துறைச் சம்பள உயர்வை மூன்று வருடத்துக்கு, வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டது. 2022இல் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது, 2024இல் மேல்நீதிமன்றமும் அப்படியே சொன்னது. முதல் வேலை பெரும்பாலும் முழுநேரமாகக் கிடைக்காது. கசுவல் (கூப்பிட்டால் மட்டும் வேலை), பகுதிநேரம் என்று தொடங்கி, இரவும் சனி ஞாயிறும் ஓடித்தான் நிரந்தரமாகவேண்டும். வீட்டில் இரண்டாவது சம்பளம் இல்லாவிட்டால் இந்த மூன்று நான்கு வருடத்தை எப்படிக் கடப்பது என்று முதலில் மனுசியோடு இருந்து எழுதிப் பாருங்கள். மனுசி பாங்கில் வேலை செய்தபடியால்தான் நாங்கள் கரையேறினோம்.

சனத்தின் வாய் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மண்டபத்தில் நடந்த ஒரு சாமத்தியச் சடங்கில் சொந்தக்கார அண்ணை ஒருவர் பத்துப்பேர் கேட்க, ‘கனடா வந்து கக்கூஸ் கழுவப் போறியோ?’ என்றார். நான் பதில் சொல்லவில்லை. இப்போது இரவு பதினொரு மணிக்கு ‘தம்பி, பிரஷர் 170 காட்டுது, என்ன செய்ய?’ என்று எடுப்பதும் அவர்தான். இருந்து ஆறி, காலை நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் கதைக்காமல் இருந்து திரும்பப் பார்க்கச் சொல்வேன். நெஞ்சு நோ, மூச்சு முட்டல், பார்வை மங்கல் இருந்தால் 911.

அதைவிடச் சிக்கலானது ஆட்களைப் பற்றிக் கேட்பது. ‘அங்கை சுன்னாகத்து வாத்தியார் இருக்கிறாராமே, என்னவாம்?’ ஸ்காபரோவில் தமிழ் நேர்ஸாக இருந்தால் கோயிலில், கடையில், பிறந்தநாளில் எல்லாம் இது வரும். இருக்கிறார் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. தனிநபர் சுகாதாரத் தகவல் சட்டம் 2004இலிருந்து இருக்கிறது, அதை மீறி வேலையும் பதிவும் இழந்தவர்கள் உண்டு. என்னுடைய நோயாளி இல்லாத ஒருவரின் கோப்பைக் கம்பியூட்டரில் திறந்து பார்த்தாலே அது தெரிந்துவிடும். ‘அண்ணை, வேலைக் கதை வெளியிலை கதைக்கேலாது’ என்று ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். தமிழ் தெரிந்தபடியால் டொக்டருக்கு மொழிபெயர்க்கவும் கூப்பிடுவார்கள். தண்ணி வேணுமா, நோ எங்கே என்பதற்குப் போவேன். சத்திரசிகிச்சைச் சம்மதம், இனி மருத்துவம் வேண்டாம் என்கிற முடிவு போன்றவற்றுக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லிவிடுவேன்.

வயது தெரிகிற இடம் இரவு ஷிஃப்ட். பன்னிரண்டு மணித்தியாலம், அதில் காலை நான்கு மணி ஒரு கண்டம். முழங்கால் வரை இறுக்கமான சொக்ஸ், வீட்டில் கறுப்புத் திரை, நைட் முடித்து வாகனம் ஓடும்போது கண் சொருகினால் கரையில் நிறுத்துவது. இவைபற்றி எல்லோரும் எழுதுவார்கள். எழுதாதது பென்சன். ஒன்ராறியோ ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை ஹூப் என்கிற பென்சன் திட்டத்தில் இருக்கின்றன. நீங்கள் கட்டுவதோடு ஆஸ்பத்திரியும் சேர்த்துக் கட்டும், ஓய்வில் சாகும்வரை மாதாமாதம் வரும். முழுநேரம் என்றால் தானாகச் சேர்வீர்கள், பகுதிநேரத்தாரும் கேட்டுச் சேரலாம். முதல்நாளே கேளுங்கள். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரிதில்லை. 45இல் தொடங்கினவனுக்கு ஒவ்வொரு வருடமும் கணக்கில் வரும். நான் ஆர்.என். பட்டத்துக்கு மேலே படிக்காமல் நின்றதற்கும் அந்தக் கணக்குத்தான் காரணம்: படிக்கிற வருடங்களில் குறைகிற சம்பளமும் பென்சனும் திரும்பி வரமுதல் எனக்கு அறுபது வந்துவிடும்.

52 வயதான அண்ணை ஒருவர் அண்மையில் வந்து கேட்டார், தொழிற்சாலைக்காரர்தான். பாடசாலை ஒரு வருடம், டிப்ளோமா இரண்டு, பரீட்சை, கசுவல் வேலை என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். முழுநேரமாக வர 57 ஆகும். ‘அண்ணை, பி.எஸ்.டபிள்யூ. படிச்சு ஆஸ்பத்திரிக்குள்ளை ஏறுங்கோ. அதுக்கும் அதே பென்சன், இந்தப் படிப்பில்லை’ என்றேன். பேப்பரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு நேர்ஸ் என்ற பெயர்தான் வேண்டும் என்றார். அப்படியென்றால் உயிரியல் வகுப்பு செப்டம்பரில் தொடங்குகிறது, ஓகஸ்ட் முடியமுதல் போய்ப் பதியுங்கள் என்று சொன்னேன்.